பெயரில் சூப்பர்வைசர், சம்பளச் சீட்டில் யார்?

வேடசந்தூர் வட்டாரத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டில் சில மாதங்களுக்கு முன்பு தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்கள். பக்கத்து நூற்பாலையில் ஏழு ஆண்டுகளாக ரிங் பிரேமில் சைடு பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண்ணை அரை நைட் ஷிப்டுக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். "நம்ம தெருவுல இருந்து முதல் சூப்பர்வைசர்" என்று பெரியவர்கள் பூரித்துப் போனார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

மூன்று மாதம் கழித்து, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கேட்க வந்தார் அந்தப் பெண். பேச்சுவாக்கில் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினார். பதவி என்ற இடத்தில் 'ஆபரேட்டர்' என்றே இருந்தது. 'இன்சார்ஜ் அலவன்ஸ்' என்று 1,500 ரூபாய் கூடியிருந்தது. ஓ.டி. என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டோம். "சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாதுன்னு சொல்லிட்டாங்க அண்ணே" என்றார்.

ஓ.டி. கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் சூப்பர்வைசர். பதவிக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் ஆபரேட்டர். இந்த இரட்டைக் கணக்கைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

குறைந்தபட்சக் கூலியே ஒழுங்காகக் கிடைக்காத ஊரில் சூப்பர்வைசர் சம்பளம் ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்கலாம். பிரச்சினைதான். காலை இருட்டோடு ஆலை வண்டிகள் நம் குடியிருப்புகளின் முனையில் வந்து நிற்கின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பகுதி நம் பிள்ளைகள். இருபது ஆண்டு வேலைசெய்த பிறகும் ஏறிய இடத்திலேயே அவர்கள் இறங்குகிறார்கள் என்றால், இடையில் எங்கோ ஒரு படி அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த முதல் படியின் பெயர்தான் ஷிப்ட் சூப்பர்வைசர்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே வந்து, முந்தைய ஷிப்டுக்காரரிடம் கணக்கை வாங்க வேண்டும். எந்த பிரேமுக்கு யார் என்று ஆள் போட வேண்டும். வராதவர்களுக்கு மாற்று ஆள் தேட வேண்டும். இழை அறுவது எங்கே கூடுகிறது, கழிவுப் பஞ்சு எவ்வளவு போகிறது, எந்த மெஷின் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். யாருக்காவது கையில் அடிபட்டால் முதலில் ஓடுவதும் அவர்தான். உற்பத்தி குறைந்தால் மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் நின்று பதில் சொல்வதும் அவர்தான்.

இதற்கு எவ்வளவு சம்பளம்? நம் பகுதி ஆலைகளில் வேலைசெய்பவர்களிடம் நாம் கேட்டறிந்த வரையில், பலருக்கு 15,000 ரூபாயை ஒட்டித்தான் தொடங்குகிறது. அனுபவமும் சான்றிதழும் உள்ளவர்கள் இருபதாயிரத்துக்கு மேலும் வாங்குகிறார்கள். ஒரே ஷிப்டில், ஒரே கூரையின்கீழ், ஒரே வேலைக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது?

முதல் காரணம் படிப்பு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு ஜவுளித் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்தவர் நேராக சூப்பர்வைசராக உள்ளே வருகிறார். மெஷினிலிருந்து மேலே வந்தவருக்கு அந்தத் தாள் இல்லை. புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் இவராகத்தான் இருப்பார். கற்றுக்கொள்கிறவருக்குச் சம்பளம் கூடுதல்.

இரண்டாவது, ஆலையின் அளவும் பிரிவும். ஏற்றுமதிக்கு நூல் கொடுக்கும் பெரிய ஆலைக்கும், நான்கு பிரேம் வைத்து ஓட்டும் சிறிய ஆலைக்கும் சம்பளம் ஒன்றல்ல. தானியங்கி மெஷின்கள் ஓடும் பிரிவைப் பார்ப்பவருக்கும் பஞ்சு கலக்கும் பிரிவைப் பார்ப்பவருக்கும் ஒன்றல்ல. பஞ்சுத் தூசி அதிகமாகப் பறக்கும் பிரிவுகளில் நம்மவர்கள் அதிகம் என்பதை ஆலைக்குள் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, சம்பளம் கட்டப்படும் விதம். தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தோடு பஞ்சப்படி இருக்கிறது. விலைவாசிக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் அது ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. சூப்பர்வைசருக்குப் பல ஆலைகளில் மொத்தமாக ஒரு தொகை என்று பேசிவிடுகிறார்கள். தொழிலாளியின் கூலி சிறிது சிறிதாக ஏறும்போது அந்த மொத்தத் தொகை அப்படியே நிற்கிறது. நான்கு வருடத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் டீக்காசு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

நான்காவது, ஆண் பெண் வேறுபாடு. பெண்ணை சூப்பர்வைசராகப் போட்டால், "பொம்பளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கத்தானே" என்று விடுதிக் காப்பாளர் வேலையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பொறுப்பு இரண்டு, சம்பளம் ஒன்று.

ஐந்தாவது காரணம் எந்த ஆலையின் ஏட்டிலும் இல்லை. நேர்முகத்தில் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. "எந்த ஊர்?" என்பதோடு அந்தக் கேள்வி நிற்பதில்லை. "ஊர்ல எந்தத் தெரு?" என்று தொடர்கிறது. சூப்பர்வைசர் வேலைக்கு விளம்பரம் வருவது குறைவு. ஏற்கெனவே உள்ளவர் சொல்லி, அவருக்குத் தெரிந்தவர் வருகிறார். தெரிந்தவர் என்றால் யார் என்று நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. நம்மில் ஒருவர் தப்பித்தவறி அந்த இடத்துக்கு வந்தால், "இவன் சொல்லி நான் செய்யணுமா" என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டிய நிர்வாகம், "இவருக்கு வேலை வாங்கத் தெரியவில்லை" என்று நம்மவரின் தலையில் குறை எழுதுகிறது. அடுத்த சம்பள உயர்வில் அந்தக் குறை கழித்தலாக வந்து நிற்கிறது.

இது நேற்று முளைத்ததல்ல. இந்தியாவில் ஆலைகள் வந்தபோதே சாதியும் உள்ளே வந்துவிட்டது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு இடம் இல்லை. நெசவில் இழை அறுந்தால் வாயால் ஈரப்படுத்திச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் எச்சில் பட்ட இழையைத் தொட மாட்டோம் என்றார்கள் சாதித் தொழிலாளர்கள். ஆகவே கூலி குறைந்த ரிங் பிரிவோடு நம்மவர்கள் நிறுத்தப்பட்டார்கள். 1928-இல் பம்பாய் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நெசவுப் பிரிவில் வேலைபெறும் உரிமையையும் கோரிக்கைகளில் சேருங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தியவர் அண்ணல் அம்பேத்கர். கூலி உயர்வு கேட்பது மட்டும் போதாது, கூலி உயர்ந்த இடத்துக்குப் போகும் வழியையும் கேட்க வேண்டும் என்பதே அவர் நமக்குச் சொன்ன பாடம்.

இன்றைய சூப்பர்வைசரின் முன்னோடி அந்தக் கால 'ஜாபர்'. நம் பக்கத்தில் மேஸ்திரி. ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்தது. வேலைக்குச் சேரவும், சேர்ந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் தொழிலாளி அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1929-இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் ஆணையம் 1931-இல் கொடுத்த அறிக்கை இந்த லஞ்சத்தைப் பதிவு செய்திருக்கிறது. மேற்பார்வை செய்கிறவருக்குச் சம்பளம் எந்த வழியில் வருகிறதோ, அந்த வழியில்தான் அவர் கீழே உள்ளவர்களிடம் நடந்துகொள்வார் என்பதற்கு இது பழைய சாட்சி.

புதிய சாட்சிக்கு நாம் தூரம் போக வேண்டாம். பல ஆலைகளில் சூப்பர்வைசரின் ஊக்கத்தொகை உற்பத்தியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஷிப்டில் இத்தனை கிலோ வந்தால் இவ்வளவு, வராவிட்டால் இல்லை. கழிப்பறைக்குப் போன பெண்ணை வாசலில் நின்று கத்தி அழைக்கிறார் என்றால், அந்தக் கத்தலுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. கணக்கு இருப்பதால் கத்தல் நியாயமாகிவிடாது. ஆனால் கத்துகிறவரை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை மாற்றாமல் விட்டால், அடுத்து வருகிறவரும் கத்துவார். அவர் நம் தெருவிலிருந்து போனவராக இருந்தாலும்தான்.

2021 ஜனவரியில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த பட்டியல் சமூக இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதையும், அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானதையும் நாம் மறக்கவில்லை. அதன்பிறகு நடந்த போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதில் முன்நின்றது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் கையெழுத்திட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டன. பாலினக் கொடுமையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லி அந்த ஒப்பந்தம் தடுத்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. மெஷினில் நிற்கும் பெண்களால் மேற்பார்வை செய்ய முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அந்தத் திறனுக்குப் பதவியும் சம்பளமும் உண்டா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றின் மீது நமக்குப் பல விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் அவற்றில் நமக்குப் பயன்படுவதை விடக் கூடாது.

பணிப் பாதுகாப்பு, தொழில் உறவுகள் ஆகிய தொகுப்புகளின்படி, மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர்தான் 'தொழிலாளி' என்ற வரையறையிலிருந்து விலகுகிறார். அதற்குள் வாங்குகிறவர் சூப்பர்வைசர் என்று அழைக்கப்பட்டாலும் தொழிலாளிதான். கூடுதல் நேரம் வேலை செய்தால் இரட்டிப்பு ஊதியம் அவருக்கும் உண்டு. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இந்த வரம்பு 2010 வரை 1,600 ரூபாயாகவும், பிறகு 10,000 ரூபாயாகவும் இருந்தது. அந்தப் பழைய நினைப்பிலேயே "சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாது" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த 18,000 என்பது கையில் வாங்கும் மொத்தத் தொகை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் இதில் முக்கியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி. போன்றவை இதில் சேராது. அப்படி ஒதுக்கப்படும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மட்டும், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். ஆகவே, மொத்தமாக இருபதாயிரம் வாங்குகிறவர்கூடச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியாக இருக்கலாம். இன்னொன்று, ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை அவர் சட்டையில் குத்திய பட்டை முடிவு செய்வதில்லை. அவர் உண்மையில் முதன்மையாக என்ன வேலை செய்கிறார் என்பதே முடிவு செய்யும் என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 13,000 ரூபாய், 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டிப்பு என்றால் 125. மாதம் 16 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 2,000 ரூபாய். இப்போது சூப்பர்வைசர் என்று சொல்லி 1,500 கூட்டி, ஓ.டி.யை நிறுத்துகிறார்கள். பதவி உயர்வில் மாதம் 500 ரூபாய் நட்டம். அதோடு முடியவில்லை. ஷிப்டுக்கு அரை மணி முன்பே வந்து, அரை மணி கழித்துப் போனால் மாதம் 26 மணி நேரம் கூடுதல் வேலை. 14,500 ரூபாய் சம்பளத்துக்கு அதன் இரட்டிப்புக் கூலி 3,600 ரூபாய்க்கு மேல். மிட்டாய் கொடுத்த வீட்டிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருப்பது அந்தப் பணம்.

ஊதியத் தொகுப்பு, ஆண் பெண் என்ற வேறுபாட்டால் ஊதியத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சாதி என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. தனியார் ஆலையில் இட ஒதுக்கீடும் இல்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், மற்றவர்களுக்கு உரிமையுள்ள ஒரு வேலையில் பட்டியல் சமூகத்தவர் சேர்வதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. இந்தப் பிரிவு நம் ஊர்களில் பலருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

ஆலை நிர்வாகிகள் நம்மிடம் சொல்லும் ஒரு பதிலையும் இங்கே சொல்லிவிடுகிறோம். "உங்கள் பிள்ளைகள் டிப்ளமோ படித்துவிட்டு வந்தால் எடுக்கத் தயார்" என்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. படிக்க வேண்டும்தான். ஆனால் ஏழு வருடம் மெஷினைக் கையால் படித்தவருக்கு என்ன பதில்? கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆலை மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி நடத்துகின்றன. தேர்ந்த தொழிலாளிகளை ஆலையே அப்படிப்பட்ட பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் பெறச் செய்யலாம். மனம் இருந்தால் செலவு பெரிதல்ல.

ஆகவே நாம் கேட்பது சில எளிய காரியங்கள்தான். சூப்பர்வைசராக யாரை, என்ன தகுதிக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு எடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு ஆலையும் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 'இன்சார்ஜ்' என்று ஆறு மாதத்துக்கு மேல் வேலை வாங்கினால் பதவியைச் சம்பளச் சீட்டில் ஏற்ற வேண்டும். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையை உற்பத்தியோடு மட்டும் கட்டாமல், விபத்து இல்லாத ஷிப்டுக்கும் புகார் இல்லாத ஷிப்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது வருகைப் பதிவேட்டோடு பதவிப் பெயரையும் பார்க்க வேண்டும். அரசின் சலுகை பெறும் ஆலைகளில் மேற்பார்வைப் பணிகளில் பட்டியல் சமூகத்தவர் எத்தனை பேர் என்று அரசு கேட்க வேண்டும். கேட்டாலே பாதி மாறும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு சொல். சூப்பர்வைசர் என்றால் முதலாளி பக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பதினைந்தாயிரம் வாங்குகிறவர் எந்தப் பக்கம் என்பதை அவருடைய சம்பளச் சீட்டே சொல்லும்.

மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பாலிடெக்னிக்கில் சேரும் பட்டியல் சமூக மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இருக்கின்றன. விடாதீர்கள். வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய சட்டத்தில் அது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். அதில் பதவிப் பெயர் என்ன, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு என்று பாருங்கள். பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் கேளுங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை இ.எஸ்.ஐ. உண்டு. வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் பேசப்போவது அந்த நோட்டுதான்.

அந்தப் பெண்ணுக்கு நாம் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதவியைச் சீட்டில் ஏற்ற வேண்டும், மூன்று மாத ஓ.டி.யைக் கணக்குப் பார்த்துத் தர வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று அவருடைய அம்மா பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். அதே ஷிப்டில் சைடு பார்க்கும் பதினொரு பெண்கள் தாங்களும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கப் போகிறார்கள். நாமும் வாசல்வரை போகிறோம்.